முந்திரி மீதி: ஓர் அதிரசத்தை மூவர் பங்கிடுதல் குறித்த ஆய்வு

பகுதிகள் சேர்ந்தால் முழுமை வரும் என்பது இவ்வாய்வின் கருதுகோள். ஆய்வுப்பொருள், ஓர் அதிரசம். ஆய்வெல்லை, நான், தம்பி, தங்கை. முன்னாய்வுகள் இல்லை; இருந்திருந்தால் அவை பிழையானவை என்று நிறுவப்பட்டிருக்கும்.

அரை: இரண்டு சேர்ந்தால் ஒன்று (அம்மா, வாய்மொழி).

கால்: நான்கு சேர்ந்தால் நாற்காலி. அதில் முக்கால் பங்கு முக்காலி. ஒரு கால் குறைந்த முக்காலி ஆடாமல் நிற்பதும், குறையே இல்லாத எங்கள் வீட்டு நாற்காலி ஆடுவதும் தனி ஆய்வுக்குரியவை.

அரைக்கால், வீசம் முதலியன விரிவஞ்சி விடப்பட்டன.

மூன்றில் ஒன்று: இங்கேதான் சிக்கல். பழந்தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் நிலத்தை முந்திரிகை வரை அளந்திருக்கின்றன. முந்திரிப் பருப்பு போர்ச்சுகீசியரோடு வந்து சேர்ந்தது அதற்கு ஐந்நூறு ஆண்டுகள் கழித்து. பருப்பிலிருந்தே அளவு பிறந்தது என்று நிறுவுவோருக்கு ஒரு முனைவர் பட்டம் காத்திருக்கிறது. நிற்க. 320-ஐ மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 106 முந்திரி, மீதி இரண்டு. இரண்டு முந்திரி மீதி என்றதும் தம்பி கை நீட்டினான் (தம்பி, நேர்காணல், திண்ணை, பருப்பு இல்லை என்றதும் இடையில் முறிந்தது).

முந்திரியை மேலும் 320 கூறாக்கினால் கீழ்முந்திரி. இரண்டு முந்திரிக்கு 640. ஆளுக்கு 213 போக மீதி ஒன்று; அதாவது அதிரசத்தில் 1,02,400-இல் ஒரு பங்கு. அதையும் 320 கூறாக்கலாம். அப்போதும் மீதி விழும். மூன்று பேராசிரியர்கள் பெயரில் வெளிவரும் கட்டுரையில், அதை எழுதிய மாணவருக்கு உரிய பங்கு எவ்வளவு என்ற நெடுநாள் ஐயம் இத்துடன் தீர்ந்தது.

மேலை இசைக் குறியீட்டிலும் இதே கதை. முழு, அரை, கால், அரைக்கால், வீசம் என்று எல்லாம் பாதிப் பாதி. அரைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் முக்கால். மூன்றில் ஒன்றுக்கு மட்டும் தனிக் குறி கிடையாது. மூன்று சுரங்களைச் சேர்த்துக் கட்டி, தலையில் 3 என்று எழுதி, இரண்டின் இடத்தில் திணிக்கிறார்கள். நம் சுரக்குறிப்பு மட்டும் என்ன? மேலே ஒரு கோடு போட்டால் வேகம் இரட்டிப்பு, இரண்டு கோட்டுக்கு நான்கு மடங்கு. மும்மடங்குக்குக் கோடு இல்லை.

ஆனால் எதிர்வீட்டில் மிருதங்கம் பழகும் பையன் ஓர் அட்சரத்துக்குள் ‘தகிட’ என்று மூன்றை மீதியில்லாமல் வைக்கிறான் (எதிர்வீடு, மாலை 6 மணி, ஜன்னலைச் சாத்திய பிறகும் கேட்டது, மறுபதிப்பு நாள்தோறும், திருத்தங்கள் இன்றி). ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்துக்கும் 24. ஒரு கீழ்முந்திரி சிந்தவில்லை.

ஆகவே அதிரசத்தை அவனிடமே கொடுத்துப் பங்கிடச் சொன்னோம். நான்காகப் பிட்டான். ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு மிருதங்கத்துக்குத் திரும்பிப் போனான். எங்களுக்கு ஆளுக்குக் கால். மீதி இல்லை (அம்மா, நேரில் கண்டது, சிரிப்பு நீக்கிய பதிப்பு).