சுஷி பண்டிதரின் காதல் இரவு

ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் தேறினால் பெரிய விஷயம். டிசம்பர் 25 அங்கே அரசு விடுமுறைகூடக் கிடையாது. வழக்கம்போல ஆபீஸ், வழக்கம்போல நெரிசல் ரயில். ஆனால் முதல் நாள் ராத்திரி, அதாவது 24-ஆம் தேதி, டோக்கியோவில் துணையில்லாமல் தெருவில் போகிறவரைப் பார்த்தால் தெருவிளக்கே பரிதாபப்படும். குடும்பஸ்தர்கள் கென்டக்கி கோழிக்கு வரிசையில் நிற்பார்கள். அது 1974-இல் அந்தக் கம்பெனி தொடங்கிய விளம்பரத்தின் புண்ணியம். காதலர்களுக்கோ அந்த இரவு ஒரு பரீட்சை. 1980-களில் ஊரில் பணம் கரைபுரண்டு ஓடியபோது வேர்விட்ட வழக்கம் இது. ஏசு பிறந்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "ஸ்ட்ராபெரி வைத்த கேக் உண்டே" என்பார்கள்.

நல்ல பிள்ளைகள் பிரெஞ்சு ஓட்டலுக்கோ இத்தாலி ஓட்டலுக்கோ போய், மெழுகுவத்தி வெளிச்சத்தில் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே சாப்பிட்டுவிட்டு வருவார்கள். நான் சொல்ல வந்தவர் அந்த ரகமில்லை. கும்பலில் கோவிந்தா போட அவருக்குப் பிடிக்காது. காதலியைச் சுஷிக் கடைக்கு அழைத்துப் போவார். அதுவும் டோக்கியோவின் கின்ஸா வட்டாரத்தில், பெயர்ப்பலகையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய, எட்டே நாற்காலி போட்ட கடை.

சுஷி பண்டிதர் என்று இவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். முப்பதைத் தாண்டி இரண்டு மூன்று வருஷம் இருக்கும். மருனோஉச்சிப் பக்கம் ஒரு கம்பெனியில் நடுத்தர உத்தியோகம். ஜப்பானியக் கம்பெனிகள் டிசம்பர் முதல் பாதியில் கொடுக்கும் குளிர்கால போனஸ் கைக்கு வருவதற்கு வெகுநாள் முன்பே, அதை நம்பி இடம் பிடித்திருப்பார். ஆளுக்கு முப்பதாயிரம் யென்னுக்கு மேல் ஆகும் கடைகள் இவை. மற்ற நாட்களில் பண்டிதர் சாப்பிடுவது பெல்ட்டில் தட்டுகள் ஊர்ந்து வரும் மலிவுக் கடையில். 1958-இல் ஒசாகா பக்கத்தில் ஷிராஇஷி யோஷியாகி என்பவர், பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் ஊர்வதைப் பார்த்துவிட்டு, சுஷித் தட்டையும் அப்படியே ஓடவிட்டாரே, அந்த ஏற்பாடு. அங்கே பண்டிதர் சால்மனையும், மயோனைஸில் பிசைந்த மக்காச்சோளத்தைத் தலையில் சுமந்த சுஷியையும் ஒரு கை பார்ப்பார். இது நமக்குள் இருக்கட்டும்.

ஞானம் எங்கிருந்து வந்தது? பாதி, ‘ஷோட்டா நோ சுஷி’ என்ற 1990-களின் படக்கதையிலிருந்து. மீதி, கின்ஸா சுஷி உலகின் கிழட்டுச் சிங்கமான ஜிரோ ஓனோவைப் பற்றி 2011-இல் வந்த ஆவணப்படத்திலிருந்து. மார்கழி சபாவில், பாடகர் ராகத்தைத் தொட்டும் தொடாததுமாக இருக்கும்போதே பக்கத்து சீட்டுக்காரர் காதில் "பைரவி!" என்று கிசுகிசுக்கும் மாமா ஒருவர் உண்டல்லவா? அவருக்கு வேட்டிக்குப் பதிலாகக் கறுப்புக் கோட்டு மாட்டிவிட்டால் நம் பண்டிதர் தயார். இருவருக்கும் மாதம்கூட ஒன்றுதான்.

சுஷிக் கடையில் காதல் செய்வதில் ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. எதிரெதிரே உட்கார்ந்து கண்ணோடு கண் நோக்க வழியில்லை. கவுன்ட்டரில் எல்லாரும் வரிசையாக ஒரே பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். எதிரே நிற்பவரோ கையில் ஒரு முழ நீளக் கத்தி வைத்திருப்பார். அவரைத் ‘தாயிஷோ’ என்று கூப்பிடுவார்கள். பெரும்பாலும் பாட்டு கீட்டு எதுவும் போடமாட்டார்கள். கத்தி பலகையில் படும் ஓசையும், யாரோ தேநீர் உறிஞ்சும் ஓசையும்தான். எட்டு நாற்காலியில் நான்கு ஜோடி. ஒரு ஜோடி ரகசியம் பேசினால் மற்ற மூன்று ஜோடிக்கும் தெள்ளத் தெளிவாகக் கேட்கும், தாயிஷோவுக்கும் கேட்கும், அடுப்படியில் நிற்கும் சிஷ்யப் பிள்ளைக்கும் கேட்கும். மூன்றாம் நாற்காலிக்காரர் மோதிரத்தை எடுத்து நீட்டினால் ஏழாம் நாற்காலிக்காரி ‘சரி என்று சொல்லேன்’ என்று மனதுக்குள் தவிப்பாள். கல்யாண மண்டபத்தில்கூட இதைவிடத் தனிமை கிடைக்கும்.

பண்டிதர் பேசத் தொடங்குவதே இந்த நிசப்தத்துக்குப் பயந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்தில் இருப்பவள் ஆபீஸில் இரண்டு வருஷம் ஜூனியர். வேலை பற்றிப் பேசினால் காதல் கெட்டுவிடும். காதல் பற்றிப் பேசினால் எட்டுப் பேர் கேட்பார்கள். மிச்சம் இருப்பது மீன்.

"தாயிஷோ! முதல்ல கியோக்கு!"

கியோக்கு என்றால் முட்டை. முட்டையைச் சாப்பிட்டே கடையின் தரத்தை எடைபோட்டுவிடலாம் என்று பழைய பெரியவர்கள் சொல்வதுண்டு. தாயிஷோ தலையை லேசாகச் சாய்த்து, "இன்னைக்கு எல்லாருக்கும் ஒரே வரிசைதான் சார். முட்டை கடைசியில வரும்" என்றார்.

பண்டிதர் அசரவில்லை. சோயா சாஸை ‘முராசாகி’ என்றார், இஞ்சியை ‘காரி’ என்றார், சோற்றை ‘ஷாரி’ என்றார். தேநீர் கேட்டபோது ‘அகாரி’ என்றார். இதில் பலவும் கடைக்காரர்கள் தங்களுக்குள் புழங்கும் குழூஉக்குறி. சாப்பிட வந்தவர் வாயில் வந்தால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவது கடையின் நாகரிகம். தாயிஷோவுக்கு அந்த நாகரிகம் நிறைய இருந்தது.

முதல் சுஷி வந்தது. வெள்ளை மீன், ஹிராமே. சோறு உடம்புச் சூட்டில் இருக்கும். கை வைத்தால் உதிரும் போலிருக்கும், வாயில் போட்டால்தான் உதிரும். அவள் இரண்டு விரலால் எடுத்து, மீன் பக்கத்தை சோயாவில் தொட்டு, வாயில் போட்டுக்கொண்டாள். பண்டிதர் விரலை உயர்த்தினார்.

"சுஷியைப் பொறுத்தவரைக்கும் ஒண்ணு தெரிஞ்சுக்கோ. வச்ச உடனே வாயில போடணும். ஒரு நிமிஷம் போச்சுன்னா உயிரே போச்சு. ஏன்னா..."

அந்த ‘ஏன்னா’ 1820-களுக்குப் போயிற்று. எதோ நகரத்தில் (டோக்கியோவின் பழைய பெயர்) ஹானாயா யோஹேய் என்பவர் கையால் பிடித்த சுஷியைப் புகழ்பெறச் செய்தது, வண்டிக்கடையில் ஜனங்கள் நின்றபடியே தின்றுவிட்டு வேலையைப் பார்க்கப் போனது, அந்தக் காலத்துச் சுஷி இன்றையதைப் போல இரண்டு மூன்று மடங்கு இருந்தது, எல்லாம் வந்தது. தகவல்களில் பிழையில்லை. பிழை பலகையின் மேல் இருந்தது. பண்டிதரின் ஹிராமே அங்கே ஆறிக்கொண்டிருந்தது. தாயிஷோ அதைப் பார்த்தார். சிஷ்யன் பார்த்தான். இந்தக் கடைகளில் எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறுவார்கள். ஒருவர் நிறுத்தினால் பந்தியே நிற்கும். ஆகவே ஆறு அந்நியர்களும் ஒரு காதலியும், அவசரச் சாப்பாட்டின் வரலாறு முடிகிற வரைக்கும் பொறுமையாகப் பசித்திருந்தார்கள்.

அடுத்தது வசாபி. இசு தீபகற்பத்து அமாகி மலையில், ஓடும் குளிர்ந்த நீரில் வளர்வது. சுறாத்தோல் ஒட்டிய பலகையில் தேய்த்த கொஞ்ச நேரத்துக்குள் மணம் பறந்துவிடும். "அந்த மணத்தைப் பிடிக்கணும்" என்று பண்டிதர் கண்ணை மூடி மூச்சிழுத்தார். அவர் மூக்கில் ஏறியது, அந்த இரவுக்கென்று விசேஷமாக வாங்கிக் கழுத்திலும் மணிக்கட்டிலும் பூசிக்கொண்டு வந்த சென்ட்டு. சுஷிக் கவுன்ட்டருக்கு வாசனை பூசிக்கொண்டு போகக்கூடாது என்பது அந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அந்த ஒரு பக்கம் மட்டும் பண்டிதரின் படக்கதையில் கிழிந்துபோயிருந்தது போலும்.

உப்பும் வினிகரும் போட்டுப் பதப்படுத்திய கோஹாதா வந்து போயிற்று. சூரை மீனின் கொழுப்பு வயிறு, ஓட்டோரோ, வந்தது. "எதோ காலத்திலேருந்து ராஜபோகம் இது!" என்றார். எதோ காலத்தில் அந்தப் பகுதியைச் சீந்துவார் இல்லை. பூனைகூடத் தாண்டிப் போகும் மீன் என்றே ஜப்பானியர் கேலி பேசியதுண்டு. தாயிஷோவுக்கு இது தெரியாமலா இருக்கும்? அவர் துணியால் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "நிறையத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க சார்" என்றார். பண்டிதரின் முகம் நியான் விளக்கானது. ஜப்பானில் இந்த வாக்கியத்தை ஒரே இரவில் இரண்டு தடவை கேட்டால் வாயை மூடிக்கொள்வது உத்தமம். அவர் நான்கு தடவை கேட்டார்.

இந்த ஆசாமி இன்றைக்கு முளைத்தவர் என்று நினைக்காதீர்கள். ஸான்தோ க்யோதென் 1785-லேயே இவருடைய பாட்டனாரைப் படம்போட்டுக் கதை எழுதிவிட்டார். ‘எதோ உமாரே உவாகி நோ கபாயாகி’ என்று புத்தகத்தின் பெயர். கபாயாகி என்பது வாட்டிய விலாங்கு, ஆக அங்கேயும் சாப்பாடு வந்துவிடுகிறது. நாயகன் என்ஜிரோ பணக்கார வீட்டுப் பிள்ளை, மூக்கு மட்டும் உருண்டை. பெரிய காதல் மன்னன் என்று ஊர் பேச வேண்டும் என்பது அவன் ஆசை. காசு கொடுத்து ஒரு பெண்ணைத் தன் வீட்டுக்கு வந்து காதலுக்காகக் கதறவைப்பான். அந்தச் சேதியைத் துண்டுத்தாளில் அச்சடித்துத் தெருத்தெருவாக விநியோகிக்கவும் காசு கொடுப்பான். அழகர்களுக்குத்தான் அடி விழும் என்று எங்கோ பார்த்துவிட்டு, ஆள் வைத்துத் தன்னையே அடிக்கச் சொல்வான். கடைசியில் காதலுக்காகச் சாகப்போவதாக நாடகம் போட்டு, திருடர்களிடம் கட்டின துணியையும் பறிகொடுப்பான். அந்தத் திருடர்கள் மாறுவேஷத்தில் வந்த அவன் அப்பாவும் கடைக் கணக்கரும்! நம் பண்டிதர் அந்த அளவுக்குப் போகவில்லை. போனஸை மட்டும்தான் பறிகொடுத்தார்.

கடல் விலாங்கும் ஆயிற்று, முட்டையும் ஆயிற்று. "வேற ஏதாவது வேணுமா?" என்று தாயிஷோ கேட்டார். பண்டிதர் அரிய மீன் ஒன்றின் பெயரை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்த இடைவெளியில், அவள் வாயைத் திறந்தாள்.

"சால்மன் இருக்கா?"

பண்டிதர் விக்கிப்போனார். எதோ மரபு விடாத கவுன்ட்டரில் சால்மன் கிடையாது. பச்சைச் சால்மனைச் சுஷியில் ஏற்றியதே 1980-களில் மீன் விற்க வந்த நார்வேக்காரர்கள். அதைப் போய் இங்கே கேட்கலாமா? தாயிஷோ முதல் தடவையாகக் கத்தியைக் கீழே வைத்தார்.

"இங்க வைக்கிறதில்லையே மேடம். ஆனா என் பேரனுக்கு அதுதான் உயிர். ஞாயித்துக்கிழமை ஆனா போதும், என்னை இழுத்துக்கிட்டு பெல்ட் கடைக்குப் போயிடுவான்."

"நீங்களுமா சாப்பிடுவீங்க?"

"பேரன் ஊட்டினா என்ன பண்றது?"

கவுன்ட்டர் முழுக்கச் சிரித்தது. பெல்ட் கடையில் பேரன் எத்தனை தட்டு அடுக்குவான், சோளச் சுஷிக்காக எப்படி அழுவான் என்று தாயிஷோ சொல்லிக்கொண்டே போனார். மூன்றாம் நாற்காலிக்காரர் மோதிரத்தை மறந்துவிட்டுத் தன் பிள்ளைப் பருவக் கதையைச் சொன்னார். கடையில் முதல் தடவையாக எல்லாரும் எல்லாரோடும் பேசினார்கள், பண்டிதரைத் தவிர. சோளச் சுஷி என்றதும் அவர் காது சிவந்திருந்தது.

பில் வந்தது, நான்காக மடித்த தாளில். அதைக் கேட்கும்போதும் ‘ஓ-ஆய்சோ’ என்று கடைக்காரர் பாஷையில்தான் கேட்டார், பழக்கதோஷம். வெளியே சிலுசிலுவென்று காற்று. அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அடுத்த வாரம் பெல்ட் கடைக்குப் போகலாமா? நீங்க அங்க என்ன சாப்பிடுவீங்க?" என்றாள். பண்டிதர் கொஞ்ச தூரம் மௌனமாக நடந்தார். அப்புறம் உண்மையைச் சொன்னார். காதலில் அவர் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை ‘மக்காச்சோளம்’.

அந்த ராத்திரிக்குக் கின்ஸாவில் இடம் வேண்டுவோர் பல வாரம் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள், வைத்த உடனே சாப்பிடுங்கள், சென்ட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.