துக்க வீட்டில் என்ன பேசுவது?

கேள்வி: துக்கம் விசாரிக்கப் போனால் என்ன பேசுவதென்றே தெரிவதில்லை. பைபிளில் வழி இருக்கிறதா?
– ஒரு வாசகி, மூணாறு

பதில்: இருக்கிறது. பிள்ளைகளையெல்லாம் இழந்து துக்கத்தில் இருந்த யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் அருமையான நண்பர்கள். பிறகு காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள், ஆறுதல் ஓடிப்போயிற்று!

உங்கள் மலைக்குத் துக்கம் புதிதல்ல. 2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அப்படிப்பட்ட வீட்டில் ‘எல்லாம் கர்த்தர் சித்தம்’ என்று விளக்குபவரைவிட, ஒரு கிளாஸ் கட்டன் சாயாவோடு பக்கத்தில் உட்காருபவரே நல்ல பிரசங்கி.

வார்த்தையும் வேண்டும்தான். யோசேப்பு என்ற சீடருக்கு அப்போஸ்தலர்கள் வைத்த பெயர் பர்னபா, அதாவது ஆறுதலின் மகன். எருசலேமில் சீடர்கள் எல்லோரும், தங்களைத் துன்புறுத்திவந்து பிறகு மனம் மாறிய சவுலைக் கண்டு பயந்தபோது, அவருக்காகப் பேசி, கூடவே அழைத்துப் போனவர் அவர். வாயும் காலும் சேர்ந்து நடந்தால்தான் ஆறுதல்.

‘நான் இருக்கேன் அக்கா’ என்று சொல்லுங்கள். கூட்டம் கலைந்த பிறகும் போய்ச் சொல்லுங்கள்.