வேற போட்டுரலாம்

“இந்த டிஸ்ட்ரோ உங்க மெஷினுக்கு செட் ஆவலைங்க. வேற போட்டுரலாம்.” ஒண்டிக்கடை முக்கிலிருந்து நாகலூர் வரை, ஏற்காட்டில் லினக்ஸ் ஏறிய கணினி எந்த வீட்டில் ஹேங் ஆகி நின்றாலும் லினக்ஸ்காரர் வாயிலிருந்து வருகிற முதல் வாக்கியம் இதுதான். கடைசி வாக்கியமும் இதுதான். நடுவில் வருவது பென்டிரைவ். இன்ஸ்டால் முடிந்து ரீஸ்டார்ட் கொடுத்தாயிற்று. லோகோ வந்தது, கீழே புள்ளிகள் ஓடின, ஓடின புள்ளிகள் நின்றன. அவர் அதை அரை நிமிடம்கூடப் பார்ப்பதில்லை. உதட்டைப் பிதுக்கிவிடுவார். டிஸ்ட்ரோ என்கிற லினக்ஸ் வகைகளுக்கா பஞ்சம்? மின்ட் ஒத்துவரவில்லையா, உபுண்டு. உபுண்டுவும் மக்கர் பண்ணுகிறதா, ஃபெடோரா. அப்புறம் டெபியன், அப்புறம் மஞ்சாரோ, ஒரு சுற்று வந்தபின் மின்ட்டிலேயே புதுப் பதிப்பு. கணினிக்கும் டிஸ்ட்ரோவுக்கும் அவர் பார்ப்பது சாட்சாத் ஜாதகப் பொருத்தம்தான். ரஜ்ஜு தட்டுகிறது என்று ஜோசியர் சொல்லிவிட்டால் மேற்கொண்டு பேச்சில்லை, அடுத்த வரனைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஜோசியர் கையில் கட்டம் போட்ட தாளாவது இருக்கும், அதை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் கையை விரிப்பார். நம்மவர் அதைக்கூடப் பார்ப்பதில்லை.

இந்தப் பொருத்தக் கோட்பாடு தப்பு என்பதற்கு முதல் சாட்சி லினக்ஸேதான். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் உலகுக்கு அறிவித்தது ஒரு கெர்னலை, அதாவது வன்பொருளோடு பேசும் அடிக்கருவை. மின்ட், உபுண்டு, ஃபெடோரா, டெபியன் எல்லாவற்றுக்கும் அடியில் இன்றும் இருப்பது அதே கெர்னல்தான். பதிப்பு எண் முன்னே பின்னே இருக்கும், ஆளுக்கொரு ஒட்டுப்போட்டிருப்பார்கள், மேலே உடுத்தியிருக்கும் டெஸ்க்டாப் வேறாக இருக்கும். கணினி லோகோவிலேயே நிற்கிறது என்றால் டெஸ்க்டாப் இன்னும் வரவேயில்லை. கெர்னல் வன்பொருள்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற, அல்லது அதற்கடுத்து சிஸ்டம்டி வட்டுகளையும் சேவைகளையும் எழுப்பிக்கொண்டிருக்கிற கட்டம் அது. அங்கே ஏற்பட்ட சிக்கலுக்கு டிஸ்ட்ரோவின் பெயர் காரணமாக இருப்பது அபூர்வம். இன்டெல் 2013-இல் விற்பனைக்கு விட்ட பே டிரெயில் வகைச் சில்லுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மலிவு மடிக்கணினிகள் பலவற்றில் அதுதான் இருந்தது. லினக்ஸ் போட்டால் திடீர் திடீரென்று உறையும். எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் உறையும், ஏனென்றால் வினை இருந்தது செயலி ஆழ்ந்து தூங்கப் போகும் விதத்தில். அந்தத் தூக்கத்தைத் தடுக்கும் ஒரு சொல்லைக் கெர்னலுக்குச் சேர்த்துக் கொடுத்தவர்கள் பிழைத்தார்கள். டிஸ்ட்ரோ மாற்றியவர்கள் மாற்றிக்கொண்டேயிருந்தார்கள்.

எங்கே நின்றது என்பதைக் கணினியே சொல்லும் என்பதுதான் லினக்ஸின் பெருமை, அதை நம்மவரே மேடை போட்டுப் பேசுவார். விண்டோஸ் எல்லாவற்றையும் சுற்றும் புள்ளிகளுக்குப் பின்னால் மறைத்துவிடுகிறது, பயனரைக் குழந்தையாக நடத்துகிறது, லினக்ஸ் அப்படியில்லை என்பார். பேசி முடித்து லோகோவுக்கு முன்னால் கைகட்டி நிற்பார். அந்த லோகோ வெறும் திரைச்சீலை. எஸ்கேப் விசையை ஒரு தட்டுத் தட்டினாலே பல கணினிகளில் சீலை விலகிப் பின்னால் ஓடும் வரிகள் தெரியும். விலகாவிட்டால், கணினி எழும்போது வரும் கிரப் மெனுவில் ஆங்கில ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் இருக்கும் ‘குவயட் ஸ்பிளாஷ்’ என்ற இரண்டு சொற்களை அழித்துவிட்டு எஃப்10 தட்டலாம். அந்த ஒரு முறைக்கு மட்டுமான மாற்றம் அது. அடுத்த ரீஸ்டார்ட்டில் பழையபடி ஆகிவிடும், எதுவும் கெடாது. கறுப்புத் திரையில் வரிகள் ஓடும், நிற்கிற இடத்தில் நிற்கும். கடைசி வரியே குற்றவாளி என்று அடித்துச் சொல்ல முடியாதுதான், ஆனால் எந்தத் தெருவில் தேடுவது என்று அது காட்டிக்கொடுக்கும். வட்டு படிக்கவில்லை என்ற புலம்பல் வரிவரியாக வந்தால் போகவேண்டியது ஹார்ட் டிஸ்க், டிஸ்ட்ரோ அல்ல. கோடை இடிமழையில் கரண்ட் போய்ப் போய் வருகிற மலையில், யுபிஎஸ் பேட்டரி செத்து வருடக்கணக்கான மேசைக் கணினிக்கு அது அதிசயமும் அல்ல. அந்த வட்டின் மேல் ஐந்தாவது டிஸ்ட்ரோவை எழுதுவது அதன் மிச்ச ஆயுளையும் உறிஞ்சுகிற வேலை.

இதைவிட ருசியான ஒரு வகை உண்டு. அவரே விதைத்து அவரே அறுப்பது. பழையது இருக்கட்டும், பக்கத்திலேயே இன்னொன்று போட்டுப் பார்ப்போம் என்று இரண்டாவது டிஸ்ட்ரோவை ஏற்றுவார். ஏற்கெனவே இருக்கும் ஸ்வாப் பகிர்வைப் புது இன்ஸ்டாலர் எடுத்துக்கொண்டு மறுபடி ஃபார்மட் செய்துவிடுவதுண்டு. செய்தால் அந்தப் பகிர்வின் அடையாள எண்ணான யூயூஐடி மாறிவிடும். பழைய டிஸ்ட்ரோவில் பகிர்வுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பிலோ பழைய எண்ணே எழுதியிருக்கும். மறுநாள் பழையதை எழுப்பினால் அது, உலகத்திலேயே இல்லாத ஒரு பகிர்வு வருமென்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். சிஸ்டம்டி இதற்குத் தரும் கெடு 1 நிமிடம் 30 விநாடி. லோகோ மறைக்காமலிருந்தால், இன்ன வட்டுக்காகக் காத்திருக்கிறேன் என்ற வரியும், அதன் பக்கத்தில் விநாடி விநாடியாக ஏறும் எண்ணும் கண்ணுக்குத் தெரியும். கெடு தீர்ந்ததும் ஸ்வாப் இல்லாமலே கணினி எழுந்துவிடும். ஆனால் நம்மவர் பொறுமையின் கெடு அரை நிமிடம் என்று முன்பே பார்த்தோம். பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பார், அணைப்பார், மறுபடி போடுவார், மறுபடி அரை நிமிடம். ஹேங் ஆகாத கணினிக்கு ஹேங் என்று பட்டம் கட்டி, பாதியில் கிடந்த அப்டேட்டையும் அந்தப் பட்டனால் முறித்து, நிஜமாகவே எழ முடியாத நிலைக்குக் கொண்டுவந்த பிறகு திரும்பிப் பார்த்துச் சொல்வார்: “பாத்தீங்களா, நான் சொல்லலை?”

வேறு போட்டதும் சரியாகிவிடுகிறதே, அதற்கென்ன பதில் என்று அவர் தரப்பில் கேட்பார்கள். நியாயமான கேள்வி; பல முறை சரியாகத்தான் ஆகிறது. புதிய பதிப்பில் புதிய கெர்னல் இருக்கும், முந்தையதுக்குத் தெரியாத வைஃபை சில்லும் கிராஃபிக்ஸ் அட்டையும் இதற்குத் தெரிந்திருக்கும். முக்கியமாக என்விடியா அட்டை. அந்த நிறுவனம் நெடுங்காலம் விவரம் கொடுக்காமலிருந்ததால், நூவோ என்ற திறந்த டிரைவரை அட்டையைத் தடவித் தடவியே எழுத வேண்டியிருந்தது. 2012-இல் ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் டோர்வால்ட்ஸே பொறுக்கமாட்டாமல் கேமராவுக்கு நடுவிரலைக் காட்டி என்விடியாவைத் திட்டினார். அந்த அட்டை உள்ள கணினியில் இன்ஸ்டால் முடிந்து முதல் முறை எழும்போது திரை கறுத்து நிற்பது ஊரறிந்த நோய். அதற்கு மருந்து அதே கிரப் வரியில் ‘நோமோட்செட்’ என்று ஒரு சொல் சேர்த்து எழுப்பி, உள்ளே போய்ச் சரியான டிரைவரைப் போட்டுக்கொள்வது. பென்டிரைவிலிருந்து ‘பாதுகாப்பான கிராஃபிக்ஸ்’ என்பதைத் தேர்ந்து எழுப்பினால் அந்தச் சொல்தான் உள்ளே வேலை செய்கிறது. இன்ஸ்டால் ஆன கணினிக்கு அது கூடவே வராமல் போவதுண்டு. பென்டிரைவில் அழகாக ஓடியது வட்டுக்கு வந்ததும் நிற்கிற மர்மம் பாதி இதுதான். இத்தனைக்கும் இந்தச் சொல் நம்மவருக்குத் தெரியும். வாட்ஸாப்பில் பிறருக்குச் சொல்லியும் கொடுப்பார். நேரில் பார்க்கும்போது மட்டும் பென்டிரைவை நோக்கித்தான் கை போகிறது. ஆக, வேறு போட்டால் சரியாகிறது என்பது அவர் கண்டுபிடித்தார் என்பதற்குச் சாட்சி ஆகாது. எது கோளாறு என்று தெரியாமல் கோளாறு போயிற்று, அவ்வளவுதான். தெரியாமல் போனது அடுத்த கெர்னல் அப்டேட்டில் தெரியாமலே திரும்பி வரும். திரும்பி வந்தால் அவர் கையில் இருப்பது மறுபடியும் அந்த ஒரே வாக்கியம்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடினால் வீட்டுக்காரர் பயந்துவிடுகிறார், அதனால்தான் காட்டுவதில்லை என்றும் ஒரு சமாதானம் உண்டு. ஏற்காட்டுக்காரர்களுக்கு இது பொருந்தாது. தினம் காலையில் மழைமானியைப் பார்த்து இஞ்சு, சென்ட் கணக்கில் நோட்டில் குறிக்கிற எஸ்டேட் ரைட்டருக்கு, வரிவரியாகப் பதிவு வைப்பது எதற்கு என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. கணினியும் அதே வேலையைத்தான் செய்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போக முடிந்தால், அல்லது ரெகவரி வழியாக எழுப்பினால், ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளை போன முறை எழுந்தபோது நடந்ததை நேரத்தோடு ஒப்பிக்கும். அதைப் பென்டிரைவில் எழுதிச் சேலத்துக்கு அனுப்பினால்கூடப் படித்துச் சொல்ல ஆள் உண்டு. மறு இன்ஸ்டால் முதலில் அழிப்பது அந்தப் பதிவைத்தான்.

சேலத்தைச் சொன்னதும் நம்மவர் மேல் கொஞ்சம் இரக்கம் வந்துவிடுகிறது. கணினியைத் தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி முப்பது கிலோமீட்டர் போய்க் கடையில் கொடுத்துவிட்டு வர யாருக்கு முடியும்? சிக்னல் ஒரு கோட்டுக்கும் இரண்டு கோட்டுக்கும் இடையில் ஊசலாடும் ஊரில் ஐந்து ஜிபிக்கு மேல் போகும் உபுண்டு ஐஎஸ்ஓவை இறக்குவதே தவம். அவர் அதை அடிவாரத்தில் யார் வீட்டு ஃபைபரிலோ இறக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறுகிறார். 2005-லிருந்து 2011 வரை உபுண்டு குறுந்தகட்டைக் கேனானிக்கல் நிறுவனம் தபால் செலவுகூட வாங்காமல் உலகம் முழுக்க அனுப்பியது. அதன் காகித உறையை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிற ஜாதி இவர். தமிழக அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சீடாக் டெபியன் மேல் கட்டிய பாஸ் லினக்ஸும் வந்தது. பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்த ஒன்றிரண்டு பேர்தான் இப்போது மலை முழுக்க லினக்ஸ்காரர்கள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்று, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினியை விண்டோஸ் 11 வாசலிலேயே நிறுத்திவிட, ஹோம்ஸ்டே வரவேற்பறைக் கணினியைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றியவர்கள் இவர்கள். வாங்குகிற கூலி ஒரு டம்ளர் காப்பி. சில இடங்களில் கால் கிலோ மிளகு. இப்படிப்பட்டவரைக் குறை சொல்ல நாக்கு கூசத்தான் செய்கிறது.

கூசினாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இலவசமாகச் செய்கிறார் என்பது கேட்காமல் அழிப்பதற்கு உரிமம் ஆகாது. எஸ்டேட்டில் ஆள் கணக்கு இருக்கிறது, அட்வான்ஸ் வாங்கினவர் பட்டியல் இருக்கிறது, ஹோம்ஸ்டேயில் மே மாத புக்கிங் இருக்கிறது. சில வீடுகளில் இறந்துபோன பெரியவரின் படம் அந்த ஒரு வட்டில்தான் இருக்கிறது. லோகோவில் நிற்கும் கணினியில் இவை எல்லாம் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். கணினி எழவில்லை, அவ்வளவுதான். வட்டு நன்றாயிருந்தால் அதே பென்டிரைவில் ‘இன்ஸ்டால் செய்யாமல் முயன்று பார்’ என்பதைத் தேர்ந்து, கோப்புகளை வெளி வட்டுக்கு நகல் எடுத்துவிடலாம். அவருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். எந்த டிஸ்ட்ரோ வேண்டுமானாலும் போடட்டும், நூறு முறை போடட்டும். ‘வட்டு முழுவதையும் அழித்து நிறுவு’ என்ற வட்டத்தில் புள்ளி வைப்பதற்கு முன்னால், காப்பி போட உள்ளே போயிருக்கிற வீட்டுக்காரர் திரும்பி வரும்வரை மட்டும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.