கறிவேப்பிலை வாங்கப் போனவர்

கொரோனா பரவலைத் தடுக்க, 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்றார். மறுநாள் விடிந்ததும் சென்னையில் தெருவுக்கு ஒருவராவது பையும் கையுமாக வாசலில் நின்றார். பணி ஓய்வு பெற்றவர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுபவர், கல்யாணமான நாள் முதல் கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டறியாதவர். அவருக்குத்தான் திடீரென்று வீட்டுக் காய்கறியைப் பற்றி அப்படியொரு கவலை வந்தது.

அத்தியாவசியப் பொருள் வாங்க வெளியே வரலாம் என்றது அரசு. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று சொல்லவில்லை. முப்பது வருடம் அலுவலகக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவருக்கு இந்த ஓட்டை கண்ணில் படாமல் போகுமா?

ஆகவே அவர் எதையும் மொத்தமாக வாங்கவில்லை. பாலுக்கு ஒரு நடை, தக்காளிக்கு ஒரு நடை. மருந்துக் கடையில் மாத்திரையை அட்டையாக வாங்காமல் நாலு நாலாகக் கத்தரித்து வாங்கினார். காய்கறிக்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலையை மட்டும் ஞாபகமாக மறந்துவிட்டு வருவார். “ஏங்க, கறிவேப்பிலை எங்கே?” என்று மனைவி கேட்டு முடிப்பதற்குள் ஒரு கால் செருப்புக்குள் இருக்கும்.

தெருமுனைத் தடுப்பில் நிற்கும் காவலருக்கு அவர் முகம் பழகிவிட்டது, முகக்கவசம் எப்போதும் தாடையில் இருந்ததால்.

“எங்க சார் போறீங்க?”

“கறிவேப்பிலை சார்.”

“நேத்தும் அதைத்தானே சொன்னீங்க?”

“அது ரசத்துக்கு சார்.”

65 வயதைத் தாண்டியவர்கள் வீட்டைவிட்டு வரவேண்டாம் என்று மத்திய அரசு கேட்டுக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து மகன் போனில் அதை ஞாபகப்படுத்தினால், “எனக்கு ஆவணி வந்தாத்தான்டா 65” என்பார். 60 முடிந்த மறுநாளே ரயில்வே கவுண்டரில் ஆதாரை நீட்டி மூத்த குடிமகன் சலுகை கேட்டவர்தான். அந்தச் சலுகையும் மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்டுவிட்டதால், வயதானவராக இருப்பதில் அவருக்கு இனி சல்லிக்காசு லாபமில்லை.

திருப்பூரில் போலீஸ் ட்ரோனைக் கண்டதும் கேரம் போர்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடிய இளைஞர்களின் வீடியோவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். கையில் பையில்லாமல் வெளியே வந்ததுதான் அவர்கள் செய்த தப்பு என்பது அவர் கட்சி.

வெளியே அப்படி என்னதான் இருந்தது? ஒன்றுமில்லை. மளிகைக் கடை வாசலில் சுண்ணாம்பு வட்டங்கள், வட்டத்துக்கு ஒருவராக அவரைப் போன்றே நாலைந்து பேர். எந்தத் தெருவில் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள், ராத்திரி ஆம்புலன்ஸ் எந்த வீட்டுக்கு வந்தது என்ற தகவல்களை அங்கே திரட்டி, வீட்டுக்கு வந்து கொட்டுவார். சாயங்காலம் சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் அன்றைய தொற்று எண்ணிக்கையை வாசிக்கும்போது பழைய டைரியில் மாவட்டவாரியாகக் குறித்துக்கொள்வார். அந்த நேரத்தில் மட்டும் வீட்டில் ஒருவரும் பேசக்கூடாது. பயம் அவருக்கும் இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டால் அது கொஞ்சம் அடங்கியது, அவ்வளவுதான்.

அரசாங்கமே அவருக்கு ஒரு சோதனையும் வைத்தது. காய்கறியை வண்டிகளில் ஏற்றித் தெருத்தெருவாக அனுப்பியது. மனைவி மகிழ்ந்தார். இவரோ முருங்கைக்காய் முத்தல், வெண்டைக்காய் வதங்கல் என்று வாசலில் நின்றே வண்டியை விரட்டிவிட்டு, பையை எடுத்தார்.

ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றதும் முந்தைய நாள் சென்னையே கடைகளில் குவிந்தது. அந்தக் கூட்டத்தில் அவர் இல்லாமலா? நாலு நாளைக்குத் தேவையான கறிவேப்பிலையை ஒரே நாளில் வாங்க வேண்டியிருந்ததே! இங்கேதான் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் அடைக்கிறது. கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, மே 5-ஆம் தேதி சந்தையையே மூடினார்கள். காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனது. பையோடு திரிந்த ஆயிரக்கணக்கானோரில் யார் எதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று யாரால் சொல்ல முடியும்? அவர் தப்பித்தார். அதை அவர் கபசுரக் குடிநீர்க் கணக்கில் எழுதினார். மனைவி மாங்காட்டம்மன் கணக்கில்.

ஜூன் 19-ஆம் தேதி சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு. வண்டியை எடுக்காமல் 2 கிலோமீட்டருக்குள் நடந்துபோய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது அரசு. பக்கத்துக் கடை நூறடியில் இருந்தது. அவர் கூகுள் மேப்பில் அளந்து, 1.9 கிலோமீட்டரில் ஒரு கடையைக் கண்டுபிடித்தார். அங்கே கறிவேப்பிலை நன்றாக இருக்குமாம்.

செப்டம்பர் 1-ஆம் தேதி மாவட்டத்துக்குள் பேருந்துகள் ஓடத் தொடங்கின. மாநிலத்துக்குள் எங்கே போகவும் இ-பாஸ் வேண்டாம் என்றார்கள். தடுப்பும் இல்லை, எங்கே போகிறீர்கள் என்று கேட்க ஆளும் இல்லை. அன்று காலை மனைவி பையை நீட்டியபோது அவர் செய்தித்தாளை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. காய்கறி வாங்குவது அன்று முதல் மீண்டும் அந்த அம்மாவின் வேலை.