மாம்பழ வாசம்

பாரிஸ் புறநகரான ஓல்னே-சூ-புவாவில் ஆர்இஆர் பி ரயில் ஏறிப் படிக்கப் போகும் எங்கள் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு மின்சிகரெட் விஷயத்தில் விழிப்புணர்வுக்குக் குறைவில்லை. நிக்கொட்டின் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற ஐரோப்பிய வரம்பு தெரியும். ஒருதரம் பாவித்து எறியும் 'பஃப்' 2025 பெப்ரவரியில் பிரான்சில் தடையானதும் தெரியும். நிரப்பி நிரப்பி இழுப்பதற்குத் தடையில்லை என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

தெரியாதது வீட்டாருக்குத்தான். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறிப் பையோடு நின்ற அம்மா கேட்டார்:

"என்ன தம்பி, உன்னில மாம்பழம் மணக்குது?"

"சென்ட் அம்மா."

"சட்டைப்பைக்குள்ள என்ன மின்னுது?"

"யூஎஸ்பி. நோட்ஸ் எல்லாம் அதிலதான்."

அம்மா பூரித்துப்போனார். பிள்ளை படிப்பை நெஞ்சோடு அணைத்தல்லவா வைத்திருக்கிறான்!

இந்தியா 2019இல் மின்சிகரெட் விற்பனையை அடியோடு தடைசெய்தது. பெட்டிக்கடைப் பீடியைப் பத்திரமாக விட்டுவைத்தது. அந்தச் சட்டம் இங்கேயும் வரவேண்டும் என்பதில் எங்கள் அப்பாமாருக்கு இரண்டாம் கருத்தில்லை. பால்கனியில் நின்று, சிகரெட் சாம்பலைத் தட்டித் தட்டி அதைத்தான் சொல்கிறார்கள்.