இன்னும் ரெண்டு இஞ்சு தாழ்த்து கண்ணு

வா கண்ணு, உக்காரு. ஸ்விஃப்ட்டுக்குக் காயில் ஓவர் போடறியாமே, அதான் ஒசரத்தைத் திருகி ஏத்தி எறக்கற ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்டு, உங்க ஆத்தா சொல்லுச்சு. கிட்டத்தட்ட லட்ச ரூவாயாம்ல. நல்லாப் போடு. செட்டிபாளையத்துல கரி ஸ்பீட்வேன்னு 2.1 கிலோமீட்டர் வளையம் இருக்குது, எப்பவாவது ஒரு ஞாயித்துக்கெழமை அதுல போயிச் சுத்தோணுமாக்கும். செக்குமாட்டுக்காவது சுத்துனாப் புண்ணாக்குக் கெடைக்கும். நீ சுத்தறதுக்கு நீயே காசு கட்டறே. படிச்ச புள்ளைக, நான் என்னத்தச் சொல்ல.

எவ்வளவு தாழ்த்தறே? ஒரு இஞ்சா? அட, இன்னும் ரெண்டு இஞ்சு தாழ்த்து. கம்பெனிக்காரன் வெவரமில்லாம தரைக்கும் வண்டிக்கும் நடுவுல 16, 17 சென்டிமீட்டர் விட்டு வெச்சிருக்கான். இந்தியன் ரோடு காங்கிரஸ் எழுதி வெச்ச கணக்குல வேகத்தடை 10 சென்டி ஒசரம், 3.7 மீட்டர் அகலம். அந்தக் கணக்குக்குக் கட்டுனது நம்மூர்ல ஒண்ணு இருந்தாக் காட்டு, மாலை வாங்கிப் போடறேன். இங்க ஒசரங்கறது, எவன் வாசல்ல ஆடு அடிபட்டுச்சோ அவன் கோவத்தோட ஒசரம். அதுல உன்ற பம்பரை வெச்சு ஒராசிட்டுப் போ, பஞ்சாயத்துக்கு ரோடு செதுக்கற கூலி மிச்சம்.

தாழ்த்துனா வளைவுல சாயாதுன்னு உனக்கு எவன் சொன்னான்? நான் காலமெல்லாம் லாரிக்குப் பட்டை மாத்துனவன், எனக்குக் காயில் ஓவர் என்ன தெரியும். ஆனா குனிஞ்சு பார்க்கத் தெரியும். உன்ற வண்டியில முன்னால இருக்கறது மெக்பர்சன் ஸ்ட்ரட்டு. வண்டியை எறக்குனா லோயர் ஆர்மோட வெளிமுனை, அதாவது சக்கரத்துப் பக்கம், மேல தூக்கிக்கும். அப்ப வண்டியோட எடை மையம் ஒரு இஞ்சு எறங்குனா, அது எந்த மையத்தைச் சுத்திச் சாயுதோ அது ஒரு இஞ்சுக்கு மேல எறங்கிரும். ரெண்டுக்கும் நடுவுல எடைவெளி கூடிப்போச்சா? வளைவுல வண்டி முன்னைவிட அதிகமாச் சாயப் பார்க்கும். அதை மறைக்கத்தான் கல்லு மாதிரி ஸ்பிரிங்கை வெச்சு விக்கறான். நீயும் ரோடு புடிக்குதுன்னு சொல்லிக்குவே. அதுக்கப்பறம் ஷாக் அமுங்க எடமில்லாம பம்ப் ஸ்டாப் ரப்பர் மேலயே வண்டி நிக்கும். வளைவுக்கு நடுவுல அந்த ரப்பர்ல போயி முட்டுச்சுன்னா அந்தப் பக்கத்துச் சக்கரம் சட்டுனு வெறைச்சுப் போயிப் புடியை விட்டுரும்.

ஸ்பிரிங்கை அறுத்துப் போடற அறிவாளியும் உங்க கூட்டத்துல இருக்கானாமே. அவனை இங்க கூட்டியாராதே, எனக்கு ரத்தக்கொதிப்பு.

ஸ்பிரிங்கு 6 கிலோ, 8 கிலோன்னு சொல்றே. ஒரு மில்லிமீட்டர் அமுக்கறதுக்கு 6 கிலோ வெக்கோணும்னு அர்த்தம். அது திரும்பி எந்திரிக்கறதை அடக்கி வெக்கறதுதான் ஷாக்கோட வேலை. ஸ்பிரிங்கை மட்டும் முறுக்காப் போட்டுட்டுக் கம்பெனி ஷாக்கை அப்படியே விட்டா, அடக்க ஆளில்லாம வண்டி குதிச்சுக்கிட்டே போகும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகோணும். ஷாக்கை முறுக்கித் தளர்த்த 32 கிளிக் இருக்குதுன்னு பீத்திக்கறியே, அதுல ரெண்டு கிளிக் திருகுனா உனக்கு வித்தியாசம் தெரியுமா? இப்ப இருக்கற ஷாக்குல எண்ணெய் கசியறதே உனக்குத் தெரியலையே சாமி. பின்னால வலதுபக்கம் பாரு, ஈரமாத் தூசி அப்பிக் கெடக்குது. லோயர் ஆர்ம் புஷ்ஷும் பொளந்திருக்குது. அதை மாத்துனாலே பாதி வண்டி புதுசாயிரும். ஆனா போட்டோவுல தெரியாதே.

போட்டோவுல தெரியாத இன்னொண்ணு டயரு. வண்டியில ரோட்டைத் தொடறது அது ஒண்ணுதான். நாலு வருசத்துக்கு முந்தி செஞ்ச கல்லு டயரை வெச்சுக்கிட்டு மேல எதை மாத்தி என்ன? மொதல்ல நல்லாப் புடிக்கற டயராப் போடு. காத்து அளக்கற கேஜு ஒண்ணு சொந்தமா வாங்கு. டிராக்குல சூடேறுனாக் காத்து ஏறிக்கும், எறக்கி விடோணும். ஊட்டுக்குக் கெளம்பறப்ப மறக்காம ஏத்திக்கோ, ஆறிப்போனா டயரு சப்புன்னு கெடக்கும்.

பிரேக் எண்ணெய் எப்ப மாத்துனே? முழிக்கறே பாரு. டாட் 4 எண்ணெய் புதுசுன்னா 230 டிகிரிக்குக் கொறைஞ்சு கொதிக்கக் கூடாது. காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சுக் குடிச்சு 155 வரைக்கும் எறங்கிரும். நாலு சுத்துலயே கொதிச்சு, பெடல் பலகை வரைக்கும் போகும். அப்ப உன்ற 32 கிளிக்கு எந்தக் கிளிக்குல நிறுத்தும்?

அப்பறம் வீல் அலைன்மென்ட். முன்சக்கரத்தோட தலை உள்ளுக்குச் சாயற மாதிரி 1.5 டிகிரி கேம்பர் வெச்சாப் போதும். கேம்பர் போல்ட்டுல முடிஞ்சுரும், காயில் ஓவர் வெலையில அது காப்பிச் செலவு. டோ, அதாவது சக்கரத்தோட மூக்கு உள்ள வெளிய திரும்பி நிக்கற அளவு, அது மட்டும் சரியா இருக்கோணும், அதுதான் டயரைத் திங்கற பேய். முன்சக்கரம் இழுக்கற வண்டி வளைவுல வெளிய வெளிய ஓடும். பின்னால ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெறைப்பாக்குனா மூக்கு உள்ள வரும். ரொம்ப வெறைப்பாக்கிட்டு மழையில ஆக்சிலேட்டரைச் சட்டுனு விட்டே, பின்பக்கம் உனக்கு முன்னால ஊடு போயிச் சேரும்.

அந்தக் கரி ஸ்பீட்வேக்குப் பேரு யாரால வந்துச்சு தெரியுமா? நம்ம கோயமுத்தூர் கரிவரதன். மாருதி 800 இஞ்சினை வெச்சு ஃபார்முலா மாருதின்னு ரேஸ் காரு செஞ்ச மனுசன். நரேன் கார்த்திகேயன் ரேஸ் பழகுனது அந்த ஃபார்முலா மாருதியிலதான், 2005ல ஃபார்முலா ஒன்னுக்கே போயிட்டான். உன்ற ஸ்விஃப்ட்டுல அந்த 800ஐவிடப் பெரிய இஞ்சினுதான் இருக்குது, அதனால குத்தம் இஞ்சின் மேலயுமில்லை. கம்பெனி ஸ்பிரிங்கோட ஒரு பத்து சுத்து, சொல்லிக் குடுக்கறவனைப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டிப் பாரு. அதுக்கப்பறமும் வண்டிதான் பத்தலைன்னு அவன் சொன்னான்னா, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியா ஒரே கம்பெனிது வாங்கு. ரெண்டு சென்டி எறக்கு, போதும்.

இன்சூரன்ஸ் பேப்பரையும் எடுத்துப் படி. ரேசுக்கும் வேகச் சோதனைக்கும் பொறுப்பில்லைன்னு பொடி எழுத்துல போட்டிருப்பான். கண்ணாடி வேணும்னா என்றதைத் தாரேன்.

அங்க பாரு, உங்கப்பன் வரான். எவ்வளவு ஆச்சுன்னு கேட்டா டயரு வெலையை மட்டும் சொல்லு. பிரேக் எண்ணெய் நான் வாங்கிக் குடுத்தேன்னு சொல்லிக்கலாம்.