சக்கரவர்த்தி கொஞ்சம் பொறு

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. நேத்து நீ போன்ல போட்ட வாசிப்பை உங்க பாட்டி காட்டுனா. மொத்தம் 30 செகண்டு. அதுல பாதி நீ முடியைக் கோதுறதுலயே போயிடுச்சு. கீழ ‘நாதஸ்வரச் சக்கரவர்த்தி’ன்னு வேற எழுதியிருக்க. அந்தப் பட்டத்தோட ஏற்கெனவே ஒருத்தர் இருந்தார்டா, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைன்னு. 1956-ல போயிட்டார். நாற்காலி காலியாத்தானே கிடக்குன்னு நீ ஏறிட்ட. தூசியாவது தட்டுனியா?

ஒரே ஒரு சந்தேகம். நடுவுல ‘பீ’ன்னு ஒரு கத்தல் கேட்டுச்சே, அது பாட்டுல உள்ளதா, உன் சொந்தக் கற்பனையா? கொட்டாயில கன்னுக்குட்டி துள்ளி எழுந்துருச்சு. ஜனங்க வரிசையா இதயம் போட்டிருக்காங்க. இரக்கப்பட்டுப் போட்டிருப்பாங்க போல.

உன் கையில இருக்கிற வாத்தியம் நரசிங்கம்பேட்டை ஆச்சாமரம். ஆசாரிமார் பச்சை மரத்தைத் தொட மாட்டாங்க. பழைய வீடு இடிச்சா வர்ற உத்திரம், தூணுன்னு தேடி வாங்கிக் கடைவாங்க. ஈரம் செத்துப்போன மரந்தான் வெடிக்காம நிக்கும். அது யாரோ பண்ணையார் வீட்டுக் கூரையைத் தலைமுறை தலைமுறையாத் தாங்கிட்டு, அப்புறந்தான் நாயனமாவுது. 2022-ல புவிசார் குறியீடும் குடுத்தாங்க. அந்தப் பெரிய மனுசனைப் போய் நீ ரிங் லைட்டு முன்னாடி நிறுத்தியிருக்க. அதுக்கே கூச்சமா இருந்திருக்கும்.

விரலுக்கு இருக்கிறது 7 துளை. கீழ இருக்கிற 5, மெழுகு வச்சு சுருதி சரிபண்ண. பாக்கி சுரமெல்லாம் எங்கேருந்து வரும்? பாதித் துளையை மூடணும், மூச்சை ஏத்தி இறக்கணும், சீவாளியை உதட்டால அமுக்கி விடணும். ஒரு தோடியை நிமித்தி வைக்கிறதுக்குள்ள உதடு மரத்துப் போயிடும்டா. நீ அந்த வழிக்கே வராம, எதிரொலியைச் சேர்த்துப் பூசி மெழுகியிருக்க. கெட்டிக்காரன்.

காருகுறிச்சி மாதிரி ஆவணும்னியே, அவர் கதை தெரியுமா? ‘கொஞ்சும் சலங்கை’ படம் வந்தது 1962-ல. ஜானகியம்மா குரலுக்கு எதிர்க்குரலா ‘சிங்கார வேலனே’யில ஊதுனார்ல, அப்ப வயசு 40 தாண்டியாச்சு. அதுக்கு முன்னாடி ராஜரத்தினம் பிள்ளை பக்கத்துல நின்னு ரெண்டாம் நாயனம் ஊதினவர். குரு எங்க விடுவாரோ அங்க பிடிக்கணும், அவர் எடுத்ததும் வாயை ஒதுக்கிக்கணும். விரலைவிட காதுக்குத்தான் அங்க வேலை. 1964-லயே போயிட்டார், பாவம். அந்த சினிமாப் பேரை அனுபவிச்சது ரெண்டு வருசம்.

உன்னை ஒத்து ஊதச் சொன்னா மூஞ்சி சுருங்குது. தாளம் போடச் சொன்னா கை வலிக்குது. ரெண்டாம் நாயனம்னா கௌரவக் குறைச்சல். வைரல் ஆவணும், அவ்வளவுதானே? அதுக்கு நாயனம் எதுக்கு? தாலி கட்டுற நேரத்துல தவுல்காரர் குச்சியைப் பிடுங்கிட்டு ஓடு. கல்யாண வீடே படம் பிடிச்சுப் போடும், உன்னைத் துரத்துற தவுல்காரரையும் சேர்த்து.

உன் அவசரமும் தெரியாம இல்ல. கல்யாணத்துக்குக் கேரளாவுலேருந்து செண்டைமேளம் இறக்குற காலம். நாம ஊதிக்கிட்டிருக்கும்போதே மைக்குல ‘பந்திக்கு வாங்க’ன்னு கூப்புடுறான். அதைக் கேட்டுக்கிட்டே ராகத்தைக் கலைக்காம முடிக்கிறதுக்கும் சாதகம் வேணும்.

சரி, விடியக்காலம் கொட்டாய்க்கு வந்துடு. சரளி வரிசை, மூணு காலத்துலயும். சீவாளியை நனைச்சு எடுத்துட்டு வா, வந்து நக்கிக்கிட்டு நிக்காத. போனைக் கொண்டு வர வேணாம்னு சொல்லல. அதுல சுருதிப்பெட்டி இருக்காமே, அதை மட்டும் போடு. அந்த ரிங் லைட்டையும் மறக்காத. கொட்டாயில பல்பு பீஸ் போயிக் கிடக்கு, இருட்டுல மாடு எது மடி எதுன்னு தெரியாம உங்க பாட்டி தடவிக்கிட்டு நிக்கிறா.